பூட்டன் மூக்கு

சித்திரைத் திருவிழாக் கூத்துக்காக நல்லமுத்து ஆசாரி அத்திக்கட்டையில் முகமூடி செதுக்கிக்கொண்டிருந்தார். கண்ணும் வாயும் முடிந்துவிட்டன. பங்காளிகள் அழகுமலையும் நாகராசுவும்தான் மூன்று நாளாக மூக்கைத் தொடவிடவில்லை. வல்லத்திராக்கோட்டையில் முதன்முதலாகக் கூத்து நடத்திய தங்கள் பூட்டனின் மூக்கு அதில் இருக்க வேண்டுமாம்.

"பூட்டனுக்குக் கூர்மூக்கு, ஆசாரியாரே. என்னையப் பாருங்க!" என்றார் அழகுமலை.

"சப்பை மூக்குதான் அவருக்கு. என் மூஞ்சியிலயே இருக்கே! மாத்தி வச்சீங்கன்னா கூத்தே நடக்காது" என்றார் நாகராசு.

ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. இந்த வருசம் முகமூடி சூர்ப்பனகைக்காம். மேடையில அறுக்கணும்ல, அதான் மூக்கு நல்லா எடுப்பா வேணும்னு கூத்து வாத்தியார் சொல்லிவிட்டாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யோசிச்சுப் பாத்தா, பூட்டனுக்கு ஒங்க மூக்குதாண்ணே" என்றார் நாகராசு.

"எனக்கு எங்க ஆத்தா வழி மூக்குடா தம்பி!" என்று பதறினார் அழகுமலை. "ஆசாரியாரே, ஒங்க இஷ்டம்போல வச்சுக்கங்க. நாங்க இனி இங்கிட்டு வரலை."

அவர்கள் தெருமுனை தாண்டியதும் ஆசாரியின் மனைவி பிச்சையம்மாள் கேட்டாள்:

"தசரத ராசாவுக்குன்னுதானே செஞ்சீங்க? எப்ப சூர்ப்பனகையா மாறுச்சு?"

"எங்க மாறுச்சு? இப்பவும் தசரதன்தான்" என்று சிரித்த ஆசாரி, உளியைக் கையில் எடுத்தார். "நீ போயி அந்த முகம் பாக்குற கண்ணாடிய எடுத்துட்டு வா. எங்க பாட்டன் மூக்கு எனக்கு அப்படியே வந்திருக்குன்னு எங்க ஆத்தா சொல்லும்."