காற்று எந்தப் பக்கம்?

"காத்துக்கு வேலி போட முடியுமாம்மா? நான் களைக்கொல்லி அடிச்சது என் வரப்புல. உன் கத்தரி கருகுனா நான் என்ன பண்றது?" என்றார் பக்கத்து மிளகாய்த் தோட்டக்காரர், வெகு அலட்சியமாக.

"காத்து பாத்து அடிச்சிருக்கலாமேண்ணே" என்றாள் கத்தரிக்குச் சொந்தக்காரி.

"அதெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா விவசாயம் பண்ண முடியாது."

அவள் மறுநாள் காலையில் காற்று அவர் பக்கம் திரும்பியதும், முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு தன் வரப்பில் ஏறினாள். சாரல் புகைபோல் எழுந்து மிளகாய்ச் செடிகளை நோக்கிப் போனது.

அவர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"நிறுத்தும்மா! காத்து என் பக்கம் அடிக்குது, கண்ணு தெரியலையா? களைக்கொல்லி பட்டா மிளகாய் பிழைக்குமா? காத்து பாத்து அடிக்கணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

மிளகாய் பறித்துக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றவள், தெளிப்பானின் முனையைத் தன் முகத்துக்கே திருப்பினாள்.

"ஐயையோ!" என்று அலறினார் அவர்.

அவள் நிதானமாக முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"புது டேங்க்குண்ணே. உள்ள இருக்கறது வெறும் தண்ணி. என் கத்தரி மேல விழுந்ததுதான் தண்ணி இல்ல."