காற்றாய்ப் பறக்கும்

முன்காலில் அடிபட்டு ஆறிய குதிரை என்றதும் வாங்க வந்தவர்கள் எல்லோரும் நழுவினார்கள். லாயக்காரருக்கு அலுத்துவிட்டது. இன்று வந்த பெண்ணிடம் அடிபட்டதைப் பற்றி மூச்சே விடவில்லை.

“நல்லா ஓடுமா?” என்றாள்.

“காத்தா பறக்கும்மா!”

அவள் முகம் சுருங்கியது. “தாண்டுமா?”

“வேலியையே தாண்டும்!”

“அப்போ வேணாங்க.” திரும்பி நடந்தாள்.

அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. “உண்மையைக் கேட்டுட்டே போங்க! கால்ல அடிபட்ட குதிரை. மெதுவா நடக்கும். ஓடவே ஓடாது. போதுமா?”

அவள் நின்றாள். “ஆளை ஏத்திக்கிட்டு நடந்தா வலிக்குமா?”

“வலிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“இதை முதல்லயே சொல்லக்கூடாதா? லாயம் லாயமா அலைஞ்சு நொந்துட்டேன்!”

“ஓடாத குதிரை எதுக்கும்மா?”

“மாமனார் அந்தக் காலத்து ரேஸ் ஜாக்கி. எண்பது வயசுல மறுபடி குதிரை ஏறணும்னு சாப்பிடாம அடம்பிடிக்கிறாரு.”