பதினான்காவது கேள்வி

பதினான்காவது கேள்விக்கு இன்னும் இரண்டே கேள்விகள்தான் பாக்கி.

கணக்கெடுக்க வந்த பெண் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பீர்களா? வீட்டில் எத்தனை பேர் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள்?

ஒவ்வொரு கேள்வியும் எனக்கு மனப்பாடம். அவற்றை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி. அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஏற்கனவே அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் குலுக்கலில் எனக்கு ஒரு சோப்பு டப்பாகூட விழுந்ததில்லை. நாடு முழுக்க ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு என்று பொறுக்கி எடுக்கிற கணக்கெடுப்பில் என் வீடு விழுந்திருக்கிறதாம். அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு போய்விட்டது.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு டம்ளர்.

குடும்பத்தார் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. அவள் சொன்னதும் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது புரியாமல் போக நான் ஒன்றும் புதுப்பெண் இல்லை.

எந்த நாட்டு மக்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று உலக அளவில் நாடுகளை ஒப்பிடப் போகிறார்கள். எதையெல்லாம் அளந்து அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் எங்கள் அலுவலகத்தில் அந்தக் குழு. ஆயுள், படிப்பு, வருமானம், தண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். இதில் பாதி கூண்டுக்கிளிக்கும் கிடைக்கிறதே என்றேன் நான்.

மனதில் பட்டதை வெளியே சொல்ல மக்களுக்குப் பயமா இல்லையா, அதையும் கேட்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

கழிப்பறைக் கேள்விக்கு மூன்று நாள் மல்லுக்கட்டிய குழுத் தலைவர், இதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டேன். கணவர் மட்டும், இவ்வளவு சுலபமாகவா விட்டுவிட்டார்கள் என்று கேட்டார். என் நல்லதைப் பார்த்து உங்களுக்குப் பொறுக்காதே என்று சண்டை பிடித்தேன்.

முதல் அறுநூறு படிவங்கள் போன வாரம் என் மேசைக்கு வந்தன. பயமில்லை என்று சொன்னவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. எந்த நாடும் நம் கிட்டே நெருங்க முடியாது என்று தலைவர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் இனிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் படிவங்களைக் கையில் எடுத்தேன்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. பேட்டியின்போது வேறு யாராவது உடனிருந்தார்களா என்று அதில் குறிக்க வேண்டும். அதை வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை. கணக்கெடுப்பவரே பார்த்து நிரப்ப வேண்டும். ஆம் என்று இருந்தால் பதினான்காவது கேள்விக்கான பதில் கணக்கில் சேராது. பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு சொல்கிற பதில் ஒரு பதிலா? அந்த விதியை எழுதியவள் நான்தான்.

அறுநூறையும் ஒன்று விடாமல் புரட்டினேன். அத்தனையிலும் 'இல்லை'. அப்படியானால் ஜனங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. சில வீடுகளுக்கு மறுபடி ஆள் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்று தலைவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அது நேற்று முன்தினம்.

அந்தப் பெண் பதினான்காவது கேள்விக்கு வந்தாள்.

"உங்க மனசுல பட்டதை வெளியில சொல்ல உங்களுக்குப் பயமா இருக்கா?"

ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடி தெரிந்தது. கொடியில் ஒரு சட்டை ஆறு வாரமாகக் காய்கிறது. அந்த வீட்டுக்காரர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு எதையோ சத்தமாகச் சொன்ன அன்று தோய்த்துப் போட்ட சட்டை அது.

உள் அறையில் மகள் ஏதோ கேட்டாள். கணவர் அவளை அடக்கினார்.

வாசல் பக்கம் நான் திரும்பவே இல்லை.

"எனக்கென்னம்மா பயம்," என்றேன். "இல்லைன்னு போட்டுக்கோ."

பச்சைப் பொய். என் கேள்விக்கு நானே சொன்ன பொய். ஆனாலும் அது போய்ச் சேராது என்று ஒரு தைரியம் இருந்தது. அந்தக் கட்டம் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்குக் கண் இருக்கிறது. ஆம் என்று ஒரு டிக் அடித்துவிட்டால் போதும், என் பொய் தனியாக ஒதுங்கிவிடும், உள்ளே இருக்கிற இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள்.

மிச்சக் கேள்விகள் மடமடவென்று முடிந்தன. அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

பேனா கட்டத்துக்கு மேலே நின்றது. அவள் கண்கள் என்னைத் தாண்டி வாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பின.

'இல்லை' என்பதில் டிக் அடித்தாள்.

அவளோடு உள்ளே வந்து, யாரென்று சொல்லாமலே, வாசலை ஒட்டிய நாற்காலியில் அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். இரண்டாவது டம்ளரைக் காலி செய்து, சத்தமில்லாமல் தட்டில் வைத்தார்.

"மறுபடி ஆள் அனுப்பிச் சரிபார்க்கணும்னு எழுதியிருந்தீங்களே மேடம்," என்றார். "பாத்தாச்சு."