விளம்பரம் இல்லாத வீடு

தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. விளம்பரம் வரவேயில்லை.

சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டியபடி மகள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்துப்போக நாளைக் காலையில் கணவன் வருகிறான். அதற்குள் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

அப்பா பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு நேரம் உண்டு அவருக்கு. பேச்சுக்கான நேரம், விளம்பரம்.

நிகழ்ச்சி ஓடும்போது யாராவது வாயைத் திறந்தால், வண்டியை நிறுத்துவது போலக் கையை உயர்த்திவிடுவார். விளம்பரம் வந்ததும் கை இறங்கும்.

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் முடிவாயிற்று. கணக்குப் பாடத்தில் தோற்றதை, ஒரு பற்பசைக்கும் ஒரு சலவைத்தூளுக்கும் நடுவே ஒப்புக்கொண்டாள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்பதை ஒரு பெயிண்ட் விளம்பரம் முடிவதற்குள் பேசித் தீர்த்தார்கள். பையனைப் பிடித்திருக்கிறதா என்று அப்பா அவளிடம் கேட்டதும் செய்திக்கு முந்தைய இடைவெளியில்தான். யோசிப்பதற்குள் தலைப்புச் செய்திகள் வந்துவிட்டன. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

போன மாதம் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஏன் வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பாதி தெரியும். அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

நாலு நாள் நீண்டுகொண்டே போயிற்று. யாரும் எதுவும் கேட்காத வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறுத்தியது. ஏதாவது செய்ய வேண்டும் என்று, இணையத்தில் தொடர்களும் படங்களும் பார்க்கும் சந்தா ஒன்றை அப்பாவின் ஃபோன் எண்ணிலேயே கட்டினாள். இருப்பதிலேயே உயர்ந்தது. விளம்பரம் துளியும் வராதது. பழைய கேபிள் இணைப்பைத் துண்டித்தார்கள்.

"இனிமே நிம்மதியா பாருங்கப்பா. நடுவுல ஒரு தொல்லையும் வராது" என்றாள்.

உண்மையாகவே வரவில்லை. ஒரு பாகம் முடிந்தால் அடுத்தது தானாகவே தொடங்கியது. அப்பா பார்த்தார், சாப்பிட எழுந்தார், தூங்கப் போனார். கையை உயர்த்தும் வேலைகூட இல்லாமல் போயிற்று அவருக்கு.

நிறுத்தி வைக்க ரிமோட்டில் ஒரு பொத்தான் இருந்ததுதான். ஆனால் அதை அழுத்திவிட்டுச் சொன்னால், சொல்வது பெரிய விஷயமாகிவிடும். விளம்பரத்தில் சொன்னால் எதுவும் பாதி விஷயம்தான்.

அப்பா கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, சொல்லிவிட்டாயா என்று கண்ணாலேயே கேட்டாள். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த வீட்டு டைம் கீப்பருக்கு வாய்னு ஒண்ணு இருந்ததே எனக்கு மறந்துபோச்சு" என்றாள் அம்மா, கேட்க வேண்டியவர் காதில் விழட்டும் என்று. விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

திரையில் காவல் அதிகாரி ஒரு கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

சோப்பு வந்தது.

வெள்ளை நுரை. சிரிக்கும் குடும்பம். திரையின் மூலையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

இது எப்படி வந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அப்பா திரையிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தார்.

"ம், சொல்லு."

"நான் அங்க திரும்பிப் போகலப்பா."

எண்கள் தீர்ந்தன. கதவு திறந்தது. அப்பா மறுபடி திரையைப் பார்த்தார்.

காவல் அதிகாரி யாரையோ விசாரித்தார். அந்த ஆள் என்னென்னவோ சொன்னான். அவளுக்கு ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

கடைசியில் அடுத்த விளம்பரம் வந்தது: ஒரு கார், மலைப்பாதையில் வளைந்து வளைந்து.

"உன் ரூம் ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது. எப்படித்தான் தூங்கினியோ" என்றார் அப்பா. "நாளைக்கு வேற மாட்டச் சொல்றேன். மாப்பிள்ளை வந்தா நான் பேசிக்கிறேன். நீ உள்ளயே இரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள்.

"இதுல விளம்பரமே வரக்கூடாதுப்பா. என்னமோ கோளாறு. நான் பேசிச் சரி பண்றேன்."

"கோளாறெல்லாம் இல்ல." அப்பா அவள் கையிலிருந்து ரிமோட்டை மெல்ல வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "நான்தான் அந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, விளம்பரம் வேணும்னு கேட்டேன். ஃபோன்ல பேசின பொண்ணு நம்பவே இல்ல. 'வேணாம்னுதானே சார் சொல்றீங்க, வேணாம்னுதானே'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுது."