முயல் பந்தயத்தில் புள்ளிச் சண்டை

முயல்கள் புழுதி பறக்க வட்டமடிக்கும் பந்தயத் திடலுக்கு அன்று வேடிக்கை பார்க்க வந்தது ஆடும் காகமும் மட்டும்தான். இப்படியே போனால் திடலை மூடிவிட வேண்டியதுதான் என்று, பந்தயத்தை நடத்தும் ஆமை வாசலில் வாடி நின்றது.

"கடைசி ஓட்டத்தில் ஜெயித்தவனுக்கே கோப்பை என்று புது விதியாம். அப்படியானால் காலையிலிருந்து நான் எதற்குப் புழுதி தின்றேன்? எல்லா ஓட்டத்துப் புள்ளியையும் சேர்க்கணும்!" என்றது ஆடு.

"சேர்த்தால் யார் ஜெயிப்பான்னு பாதியிலேயே தெரிஞ்சுடும். மீதி நேரம் உன் தாடியைப் பார்த்துக்கிட்டா உட்காரணும்?" என்றது காகம்.

"என் தாடி உன்னை என்னடா பண்ணிச்சு?"

சத்தம் கேட்டு வாத்துகள் ஓடி வந்தன. வம்பென்றால் கால் தானாக நடக்குமே, பன்றிகளும் வந்தன. வந்தவை சும்மா இருக்குமா? பாதி ஆட்டின் கட்சி, பாதி காகத்தின் கட்சி. கட்சி சேர்ந்த பிறகு ஓட்டத்தைப் பார்க்காமல் எப்படி? திடல் நிரம்பிவிட்டது.

பந்தயம் முடிந்ததும் எல்லாம் ஆமையைச் சூழ்ந்துகொண்டன. "இனிமேல் எந்த விதி? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க, அண்ணாச்சி!"

ஆமை அந்தக் கூட்டத்தை ஆசைதீரப் பார்த்தது.

"பெரிய விஷயமாச்சே, யோசிக்கணும். அடுத்த வாரம் வாங்க. வரும்போது சண்டை போடத் தெரிஞ்சவங்களா நாலு பேரை அழைச்சுக்கிட்டு வாங்க."