ஒரே ஒரு பிரதி

"எழுபது நாளா ஒரு புத்தகம் ஒரே ஆள்கிட்ட இருக்கு. இது காலேஜ் லைப்ரரியா, இல்ல அவங்க வீட்டு அலமாரியா மேடம்?"

கவுன்டரில் கையை ஊன்றி நின்றவனுக்கு வகுப்பில் பட்டப்பெயர் வக்கீல். படிப்பது என்னவோ புள்ளியியல்தான். ஆனால் வாயைத் திறந்தால் வாதம். தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

நூலகர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "தபால் வழியில படிக்கிற ஒருத்தர்கிட்ட இருக்கு தம்பி. அவங்களுக்குக் கூடுதல் நாள் உண்டு. புத்தகம் போய்ச் சேரவே ஒரு வாரம் ஆயிடுதே."

"தபால் வழியா? சரியாப் போச்சு! வீட்டுல பொழுது போகாம படிக்கிறவங்களுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு சலுகை?"

"பொழுது போகாம இல்ல, பொழுதே இல்லாம படிக்கிறாங்க. வேலைக்கும் போயிட்டு, வீட்டையும் பார்த்துக்கிட்டு. நீங்க நாலு எட்டு வெச்சா லைப்ரரிக்கு வந்துடலாம். அவங்களுக்கு அந்தப் பார்சல்தான் லைப்ரரி."

"எனக்கு மாசக் கடைசியில பரீட்சை!"

"எந்த அத்தியாயம் வேணும்னு சொல்லுங்க. வேற லைப்ரரியில கேட்டு ரெண்டே நாள்ல ஸ்கேன் வாங்கித் தர்றேன்."

"துண்டு துண்டாப் படிக்க என்னால ஆகாது. இன்னொருத்தர் எழுதிக் கேட்டா, திருப்பி வாங்கிக் குடுக்கணும். உங்க விதிதான். வாசல்ல ஒட்டியிருக்கு, படிச்சுட்டுத்தான் வந்தேன்."

நூலகர் படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'அவசரம்' என்று எழுதி, இரண்டு கோடும் போட்டான் வக்கீல்.

"அவங்க பேரையாவது சொல்லுங்க. நாலு வார்த்தை நல்லா கேக்கறேன்."

"யார்கிட்ட எந்தப் புத்தகம் இருக்குன்னு வெளியில சொல்றதில்ல தம்பி. கேட்டது நீங்கதான்னு அவங்களுக்கும் சொல்ல மாட்டோம்."

ஒன்பதாம் நாள் புத்தகம் வந்துவிட்டது. யாரோ பழுப்புத் தாளில் கச்சிதமாக உறை போட்டிருந்தார்கள். விடுதிக்கு வந்ததும் அறைத்தோழன் முகத்துக்கு நேராக அதை ஆட்டிக் காட்டினான் வக்கீல்.

"பார்த்தியா? வாயுள்ளவனுக்குத்தான்டா காலம்!"

அப்போது போன் அடித்தது. அம்மா. ஆயத்த ஆடை கம்பெனியில் தைத்த துணிகளைச் சோதித்து அனுப்புகிற வேலை அவளுக்கு. வேலை நேரத்தில் கூப்பிடுகிற பழக்கமே இல்லை.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லடா கண்ணா. ஒண்ணு சொல்வேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"உங்க காலேஜ்லயே தபால் வழியில டிகிரி படிச்சிட்டிருக்கேன். ரெண்டாவது வருஷம். முடிச்சா சூப்பர்வைசர் ஆக்கறதாச் சொல்லியிருக்காங்க. பாஸாயிட்டு உன் முன்னாடி வந்து நிக்கலாம்னுதான் மூச்சு விடல."

"அம்மா! நிஜமாவா?"

"நிஜம்தான்டா. அந்த லைப்ரரி மேடம் தங்கம். கம்பெனி விலாசத்துக்கே புத்தகம் அனுப்புவாங்க. கம்ப்யூட்டர்ல தேடறதைக்கூட போன்லயே பொறுமையாச் சொல்லிக் குடுத்தாங்க. இந்தப் புள்ளியியல் பேப்பர்தான் ரெண்டு தடவை காலை வாரிடுச்சு. இந்தத் தடவை விடறதா இல்ல. திங்கட்கிழமை பரீட்சை."

"அப்புறம் என்னம்மா, ஜமாய்ச்சுடு!"

"படிச்சிட்டிருந்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்டுட்டாங்கடா. யாருக்கோ அவசரமாம். உறை போட்டு, ஒரு மூலை மடங்காம வெச்சிருந்தேன். உன் கூட்டாளிங்க யார்கிட்டயாவது இருந்தா ரெண்டு நாளைக்கு வாங்கித் தாயேன்."

வக்கீல் கையிலிருந்த பழுப்பு உறையைப் பார்த்தான்.

"என்னடா, சத்தத்தையே காணோம்? புத்தகத்தைக் கேட்ட ஆள் மேல கோவமா? அட, விடுடா. எவனா இருந்தா என்ன, அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே. நல்லா எழுதட்டும்!"