பத்து நிமிடக் கேள்வித்தாள்

“பத்து நிமிஷம் போதும்னு எழுதியிருக்கீங்க. பொய்யா நிஜமான்னு இப்பத் தெரிஞ்சிடும், டாக்டர்.”

மாரிவிக் அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டே சிரித்தார்.

பிலிப்பைன்ஸில், சமார் தீவின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஆராய்ச்சிக்கென்று எந்தக் கேள்வித்தாள் வந்தாலும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முதலில் தானே பதில் எழுதிப் பார்ப்பார். விதியில் அப்படி எதுவும் இல்லை. அது அவர் வழக்கம்.

என்னுடையது தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி. புயல் அடித்த ஊர்களில், மூன்று நாடுகளில், ஒரே கேள்விகள். ஊசி இல்லை, மருந்து இல்லை, பெயர்கூடக் கேட்பதில்லை. மற்ற இரண்டு நாடுகளிலும், ‘ஆபத்தில்லை, குழு பார்க்கத் தேவையில்லை’ என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கேயும் படிவத்தில் விலக்குக்கான கட்டத்தில் ஒரு டிக் விழுந்தால் திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம். விழாவிட்டால் அடுத்த மாதக் கூட்டம். அதுவரை யார் காத்திருப்பார்கள்? மற்ற நாட்டுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஊருக்கு வந்த இரண்டு வருடமாக நான் வேறு எதையும் செய்யவில்லை.

வழக்கம்போல சூமான், வாழையிலையில் சுற்றி அவித்த அரிசிப் பலகாரம், வாங்கிப் போயிருந்தேன். ஐந்து.

“அஞ்சுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுல சண்டைதான்” என்று எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போனது. இருபது. நாற்பது.

கண்ணாடி வழியே பார்த்தேன். குனிந்த தலை. ரப்பர் பிடித்த கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒருவழியாகக் கதவு திறந்தது.

“டிக் போட்டாச்சு, டாக்டர். ஆபத்து ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கை மந்தம்.”

காகிதங்களை என் கையில் திணித்துவிட்டு, முகம் கழுவப் போனார்.

படிவத்துக்கு அடியில் அவர் எழுதிப் பார்த்த தாளும் சேர்ந்து வந்திருந்தது.

ஏழாவது கேள்வி: புயலுக்கு முன் உங்கள் வீட்டில் எத்தனை பேர் தூங்குவார்கள்?

ஐந்து.

எட்டாவது: இப்போது?

எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்து, அந்த இடத்தில் தாளே ஓட்டையாகியிருந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில், ஓரமாக, ஒரு சின்ன ‘1’.

அதற்குப் பிறகு இருபது கேள்விகள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

விலக்கு வேண்டுமென்று நான் எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தேன். ‘கூட்டத்தில் வைக்கவும்’ என்று மேலே எழுதி, அவர் மேசையில் சூமான் பொட்டலத்துக்குக் கீழே வைத்தேன்.

அவருடைய தாளின் தலைப்பில், ‘ஆரம்பித்த நேரம்: 2.10’ என்று இருந்தது.

முடித்த நேரத்தை அவர் எழுதவில்லை.